மாடி பெரியம்மாவுக்கு, படிக்கட்டு எங்களுக்கு

எங்கள் விடுதியின் வாசலில் இப்போது ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் சங்கத்தார் மாட்டியது. வழிப்போக்கர்களின் களைப்பைப் போக்குவதற்காக என் கொள்ளுத்தாத்தா இந்த விடுதியைக் கட்டினார் என்று அதில் எழுதியிருக்கிறது. படித்தவர்கள் எழுதியது, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. உண்மையில் அவர் இதைக் கட்டியது குதிரைகளுக்காக. இரண்டு பெரிய சாலைகள் கூடும் இடம் இது. களைத்து வந்தவன் குதிரையை லாயத்தில் கட்டிவிட்டு மாடியில் தூங்குவான். காலையில் எழுந்து பார்த்தால் அதே நிறத்தில், அதே உயரத்தில், ஆனால் நல்ல வயதான குதிரை ஒன்று நின்றுகொண்டிருக்கும். கால் வெள்ளையாக இருந்தாக வேண்டும் என்றால் கொள்ளுத்தாத்தா சுண்ணாம்பு அடித்துவிடுவார். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. நடுவழியில் ஒரு குதிரைக்கு நான்கு காலும் சாயம் போய்விட்டது. அதன் சொந்தக்காரன் திரும்பி வந்து கொடுத்த மரியாதைக்குப் பிறகு கொள்ளுத்தாத்தா நேர்மையான தொழிலுக்கு மாறினார். அதாவது, சாராயத்தில் தண்ணீர் கலக்க ஆரம்பித்தார்.

இதையெல்லாம் பலகையில் போட்டே ஆகவேண்டும் என்று சங்கத்தாரோடு மல்லுக்கு நின்றவர் என் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. ஊருக்கு அவர் ஏணிக்காரம்மா. நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான்.

பெரியம்மா இந்த விடுதிக்கு முதலில் மருமகளாக வரவில்லை. காசு கொடுத்துத் தங்க வந்தார். தையல் மெஷின் கம்பெனியில் அவருக்கு வேலை. ஊர் ஊராகப் போய், கடை வாசலில் மெஷினைப் போட்டுக் கூட்டம் சேர்த்து, எல்லோரும் பார்க்க ஒரு சட்டையைத் தைத்துக் காட்ட வேண்டும். மாடியில் ஓர் அறை எடுத்துப் படுத்தார். மூட்டைப்பூச்சிகள் அவரை விருந்தாளியாகவே நடத்தவில்லை, விருந்தாகவே நடத்தின. காலையில் மெத்தையைச் சுருட்டி ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார். கீழே முற்றத்தில் தாத்தா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

பாதி முகத்தில் சோப்பு நுரையும் மீதி முகத்தில் பஞ்சுமாக எழுந்த தாத்தா, மூத்த மகனைச் சண்டைக்கு அனுப்பினார். மாடிக்குப் போன பெரியப்பா வெகு நேரம் கழித்து இறங்கி வந்து, "அவங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு" என்றார். விடுதியில் தங்கிய ஒருவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. தாத்தா பயந்துபோனார். பயந்தது சரிதான். அடுத்த கோடைக்குள் கல்யாணம் நடந்துவிட்டது.

பெரியப்பா தன் வாழ்நாளில் தானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். மூத்தவர் என்பதைத் தவிர அவருக்கு வேறு தொழில் கிடையாது. அதை முழுநேரமாகச் செய்தார். நல்ல நாற்காலி அவருக்கு, முதல் டீ அவருக்கு, செய்தித்தாளின் முதல் பக்கம் அவருக்கு. என் அப்பா இளையவர். அப்பாவுக்கு ஆள் பலம் உண்டு, குரல் பலம் உண்டு. யோசிக்க வேண்டிய வேலையை அம்மாவிடம் விட்டுவிடுவார்.

தாத்தா போன பிறகு பாகப்பிரிவினை வந்தது. வக்கீல் இரண்டு முறை வாயைத் திறக்கப் பார்த்தார், பெரியப்பா விடவில்லை. "மூத்தவன் மேல, இளையவன் கீழ. இதுல பேச என்ன இருக்கு?" அப்பா பேச்சே இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதாவது பெரியப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பத்திரத்தை உரக்கப் படித்தபோதுதான் பெரியம்மா கேட்டார்:

"அடுப்படி எங்க இருக்கு?"

"கீழ."

"கிணறு?"

"கீழதான்."

"தரைத்தளம் முழுசும் இளையவருக்குன்னு போட்டிருக்கே. படிக்கட்டு எதுல சேர்த்தி?"

பெரியப்பா பத்திரத்தை மடித்து வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச காலம் மரியாதைக்குப் படிக்கட்டைப் பயன்படுத்த விட்டோம். பிறகு வழக்கமான சச்சரவுகள் தொடங்கின. மாடியில் தங்குபவர்கள் சேற்றுக் காலோடு எங்கள் கூடத்தில் நடக்கிறார்கள், எங்கள் ஆட்களை மேலே கூப்பிட்டுக்கொள்கிறார்கள், எங்கள் குடையை எடுத்துப் போகிறார்கள். பெரியம்மா தன் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது கூடத்தில் படிக்கட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஈரம் காயாத செங்கல் சுவர் உத்தரம் வரை நின்றது. அம்மா அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"சுவர்க்கா."

"கண்ணு தெரியுது எனக்கு. நான் எப்படி மேல போறது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? மாடி உங்களுது."

பெரியம்மா பெட்டியைக் கீழே வைக்கவில்லையாம். வைத்தால் தோற்றதாகிவிடும் என்று நினைத்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். அப்படியே வெளியே போய், வெள்ளையடிப்பவரிடம் ஒரு மூங்கில் ஏணியை இரவல் வாங்கி, பின்பக்கத்துப் பால்கனியில் சாய்த்துப் பெட்டியோடு ஏறினார். பின்னாலேயே பெரியப்பாவும் ஏறினார். ஏறி முடித்ததும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தம்பி வந்து மன்னிப்புக் கேட்கும்வரை கீழே இறங்கப்போவதில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

வருடக்கணக்கில் இறங்கவில்லை. ஊரில் அதை வைராக்கியம் என்றார்கள். அப்பாவுக்கே உள்ளுக்குள் அண்ணன் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. விஷயம் வேறு. ஏறும்போது கீழே பார்த்துவிட்டார் பெரியப்பா. அவருக்கு உயரம் என்றாலே பயம். ஏணியில் திரும்பிக் கால் வைக்க அவரால் முடியவில்லை. இது தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா. கணவர் உயிரோடு இருந்தவரை அவர் மூச்சு விடவில்லை. பெரியப்பா போன பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

அடுப்படி இல்லாத, தண்ணீர் இல்லாத, ஏணி வைத்து ஏறவேண்டிய விடுதி. ஒரு மாதம்கூடத் தாங்காது என்று அம்மா கணக்குப் போட்டாள். ஆனால் குடித்தவனால் ஏணி ஏற முடியாது. இதை யாரும் யோசிக்கவில்லை, பெரியம்மாவும் யோசிக்கவில்லை. தானாக அமைந்தது. தள்ளாடுகிறவர்கள் எல்லாம் இரண்டாம் படியிலேயே வடிகட்டப்பட்டு எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மேலே ஏறியவர்கள் நிதானமானவர்கள். கொஞ்ச நாளில் மாடிக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. வேலை விஷயமாக ஊர் விட்டு ஊர் போகும் நர்சுகள், டீச்சர்கள், தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் எல்லாம் பயமில்லாமல் தங்கும் இடம் என்று. ராத்திரி எல்லோரும் ஏறியதும் பெரியம்மா ஏணியை மேலே இழுத்துக்கொள்வார். அதற்குமேல் என்ன பாதுகாப்பு வேண்டும்? கீழே எங்கள் பாதியில் நாற்காலிகள் பறந்துகொண்டிருந்தன. தரைத்தளத்தைத் தந்திரமாக எழுதி வாங்கிய எங்களுக்குக் குடிகாரர்கள், ஏமாந்துபோன அவர்களுக்குக் கண்ணியமானவர்கள்.

சம்பாதித்ததில் பெரியம்மா பின்பக்கம் ஓர் இரும்புப் படிக்கட்டு போட்டார். அது முடிந்த அன்று பெரியப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்து, "போதும், மன்னிச்சுட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மன்னிப்பே கேட்டிருக்கவில்லை.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. கிணற்றைத் தர மாட்டோம் என்றதும், பெரியம்மா தெருக்குழாயிலிருந்து இணைப்பு வாங்கி மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டினார். எங்கள் கூடத்துக்கு நேர் மேலே, சுவர் நின்ற இடத்துக்கு மேல். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று அம்மா கத்தினாள். "அங்கதான் தரை உறுதியா இருக்கு" என்று பதில் வந்தது. ஒழுகினால் அம்மா துடைப்பக் கட்டையால் உத்தரத்தைத் தட்டுவாள். பெரியம்மா மேலேயிருந்து மிதித்துப் பதில் சொல்வார். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை என்று இருந்தது இதுதான்.

பிறகு புறவழிச்சாலை வந்தது. லாரிகளும் பஸ்களும் ஊரைத் தொடாமலே போயின. குடிகாரர்களும் போனார்கள், கண்ணியமானவர்களும் போனார்கள். பெரியப்பா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார், அடுத்த வருஷம் அப்பா. விடுதி பூட்டிக் கிடந்தது. கூரையில் செடி முளைத்தது. கீழே அம்மா, மேலே பெரியம்மா, நடுவில் துடைப்பக் கட்டை.

அந்த நேரத்தில்தான் சங்கத்தார் வந்தார்கள். இந்த வட்டாரத்தில் குதிரை வண்டிக் கால விடுதி இது ஒன்றுதான் மிச்சம் என்று சொன்னார்கள். புதுப்பித்துத் தருவோம், நீங்களே நடத்துங்கள், ஆனால் விடுதி ஒன்றாக இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பொறுப்பாக வந்தவர் ஒரு பெண் இன்ஜினியர். மூக்கில் ஒன்று, தலையில் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடி வைத்திருப்பார். பெரியம்மா அவருக்கு 'நாலு கண்ணு' என்று பெயர் வைத்தார். அவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்.

தூது போக நான் வரவழைக்கப்பட்டேன். எனக்கு வெளியூரில் மருந்துக் கம்பெனியில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து இரும்புப் படியில் ஏறி ஏறி இறங்கினேன். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம். முன்வாசல் வழியா வரணும். கூடத்துல நடக்கணும். மரப்படி ஏறி என் ரூமுக்கு வரணும். திருடி மாதிரி பின்பக்கமாவே ஏறி இறங்கிட்டேன் இத்தனை வருஷமா. அந்தச் சுவரை எடுக்கச் சொல்லு. மத்தது எல்லாம் உங்க அம்மா இஷ்டம்."

"அப்பா பண்ணினது தப்புதான் பெரியம்மா."

"உங்க அப்பனா? அவனுக்குச் சுவர் கட்டற அளவுக்கு ஏதுடி புத்தி? அது உங்க அம்மா வேலை. அவ இல்லாம இருந்திருந்தா இந்த இடத்தை எப்பவோ குடிச்சே அழிச்சிருப்பான். கெட்டிக்காரிதான். அதனாலதான் அவகிட்ட பேசல."

கீழே வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. "எடுத்துக்கட்டும். ஆனா கட்டினது தப்புன்னு என் வாயால வராது" என்றாள். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை. மறுநாள் இருவரும் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

சுவரை இடிக்கும் நாளில் பெரியம்மா நல்ல உடை உடுத்தி முன்வாசல் வழியாக வந்து நின்றார். அம்மா தன் பக்கத்தில் நின்றாள். கொத்தனார் மேல் வரிசையிலிருந்து செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். நாலைந்துதான் எடுத்திருப்பார். மேலே உத்தரம் முனகியது. வயசான ஆள் நாற்காலியிலிருந்து எழுவதுபோல ஒரு சத்தம். சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று கொட்டியது. நாலு கண்ணு இரண்டு கண்ணாடியையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார். "எல்லாரும் வெளிய போங்க. ஓட வேணாம், மெதுவா போங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு யார் மெதுவாகப் போவார்கள்?

முற்றத்தில் நின்றோம். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, மேலே தொட்டியை வாளி வாளியாகக் காலி செய்தார்கள். கடைசியில் நாலு கண்ணு உடம்பெல்லாம் தூசியோடு வெளியே வந்தார்.

"உத்தரம் எப்பவோ விரிஞ்சு போச்சு. தொட்டியோட பாரம் முழுக்க இந்தச் சுவர் மேலதான் நின்னிருக்கு. சுவர் மட்டும் இல்லைன்னா, தொட்டி கட்டின வருஷமே மாடி கீழ வந்திருக்கும்."

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. எதிரே நின்ற பெரியம்மாவைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"கேட்டீங்களாக்கா? நான் கட்டின சுவருதான் உங்களைத் தாங்கிப் பிடிச்சிருக்கு."

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் நாலு கண்ணு, கொஞ்சம் தயங்கி. "அந்தச் சுவருக்கு அஸ்திவாரமே கிடையாது. சும்மா தரை மேல அடுக்கி வெச்சிருக்காங்க. மேலேருந்து தொட்டி அழுத்திட்டு இருந்ததாலதான் விழாம நின்னுது. இல்லைன்னா கூடத்துல யார் மேலயாவது சாஞ்சிருக்கும்."

பெரியம்மா அவசரப்படவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அப்ப உன் சுவரைப் புடிச்சிட்டு இருந்தது என் தொட்டி. சரிதானே?"

யார் யாரைக் காப்பாற்றியது என்ற அந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை. எனக்குத் தெரிந்தவரை அவர்கள் நேருக்கு நேர் நின்று வாய்விட்டுப் போட்ட முதல் சண்டை அதுதான். பல வருடப் பாக்கி, நன்றாகவே போட்டார்கள். கொத்தனார் டீ குடித்து முடித்து இன்னொரு டீயும் குடித்தார்.

இரும்பு உத்தரம் வைத்து, தொட்டியை உடைத்து அப்புறப்படுத்திய பிறகு சுவர் முழுதாக இறங்கியது. உள்ளே பழைய மரப்படிக்கட்டு இருந்தது. சங்கத் தலைவரே போட்டோ எடுக்க வந்திருந்தார். கைப்பிடியின் செதுக்கு வேலையைப் பார்த்து அவர் ஏதோ ஒரு நூற்றாண்டைச் சொன்னார். பெரியம்மா முன்னால் போய் முதல் படியில் கால் வைத்தார். கால் படிக்குள் போய்விட்டது. பிஸ்கட்டை டீயில் வைத்ததுபோல. கரையான் உள்ளே இருந்த மரத்தை முழுக்கத் தின்றுவிட்டு, வெளியே வார்னிஷை மட்டும் விட்டு வைத்திருந்தது.

தலைவர் கேமராவை இறக்கினார். பெரியம்மா காலை உருவிக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரும் கூடச் சிரித்தோம். ஆனால் அன்று சாயங்காலம் அவர் சாப்பிட வரவில்லை. பின்பக்கம் இரும்புப் படியில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போனேன்.

"எதுக்கு இவ்வளவு ஆசைப்பட்டேன்னு யோசிச்சுட்டு இருக்கேன். அந்தப் படியில நான் மொத்தமா எத்தனை தடவை ஏறியிருப்பேன்? கொஞ்ச வருஷம்தான். அதுவும் பாதி நாள் உங்க பெரியப்பாவுக்கு டீ தூக்கிட்டு."

"புதுசு போட்டுத் தருவாங்க பெரியம்மா."

"தருவாங்க. ஆனா அதுல என்னை யாரும் வராதேன்னு சொல்லலையே. அதுல ஏறி என்ன?"

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா ஒரு தட்டோடு வந்து, படியில் வைத்துவிட்டு, "ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பெரியம்மா தட்டைப் பார்த்தார். உப்பு தூக்கல் என்று என்னிடம் குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

மாடியில் வேலை நடக்க வேண்டியிருந்ததால் அவர் கீழே, அம்மாவின் அறையிலேயே தங்க வேண்டி வந்தது. நான் வாரக் கடைசியில் வருவேன். வந்ததும் இருவரும் தனித்தனியாக என்னை ஓரம் கட்டிப் புகார் சொல்வார்கள். அம்மா குறட்டை விடுகிறாளாம். பெரியம்மா ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாராம். ஒருத்திக்கு ஃபேன் வேண்டும், ஒருத்திக்குக் கூடாது. வேறு அறை ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டேன். இரண்டு பேருமே, அதெல்லாம் வேண்டாம், வீண் செலவு என்றார்கள்.

புதுப் படிக்கட்டு வந்தது. பழைய கைப்பிடியில் தேறிய துண்டுகளைப் பொருத்தி ஆசாரி நன்றாகவே செய்திருந்தார். பெரியம்மா ஏறினார். பாதியில் நின்று முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் கூடத்தைக் குனிந்து பார்த்து, "ஆட்டம் இல்ல, பரவாயில்ல" என்றார். அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டடை அடிக்கவேண்டிய இடங்களைத்தான் பார்ப்பதாகச் சொன்னாள்.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். வாசலில் சிவப்பு நாடா கட்டி, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துக் காத்திருந்தோம். காலையிலிருந்தே மழை. புறவழிச்சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது, பெரிய மனிதர்கள் யாராலும் வர முடியவில்லை. வந்தது ஒரு பஸ். புறவழியில் போக முடியாமல் ஊருக்குள் திரும்பி எங்கள் வாசலில் நின்றது. முதலில் குதித்தவர் கண்டக்டர். அவருக்கு இருந்த அவசரத்தில் நாடா கண்ணில் படவில்லை. அதை நெஞ்சோடு அறுத்துக்கொண்டு, "பாத்ரூம் எங்கங்க?" என்று கேட்டபடி கூடத்தைக் கடந்து ஓடினார்.

"நேரா போய் இடது பக்கம்" என்றார் பெரியம்மா, நாற்காலியை விட்டு எழாமலே.

பின்னாலேயே பயணிகள் நனைந்துகொண்டு வந்தார்கள். பெரியம்மா கணக்குப் போட ஆரம்பித்தார். கைக்குழந்தைக்காரிக்கு அடுப்படிக்கு மேலிருக்கும் அறை, அங்கேதான் சூடு இருக்கும். இருமுகிறவருக்கு ஓரத்து அறை. புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று சொன்ன இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மிச்சம் இருந்த கூட்டத்துக்கு அறை போதவில்லை. "உங்க ரூமையும் குடுத்துடுங்க. நீங்க என் பக்கத்துல படுத்துக்கலாம். ஜன்னலை மட்டும் சாத்திடணும்" என்றாள் அம்மா, விழாவுக்கு என்று சமைத்ததை எல்லாம் வெளியே எடுத்தபடி.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

போன் அடித்தது. சங்கத் தலைவர். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் கிளம்பி வருவதாகவும், திறப்பு விழாவை நாளைக்கு மாற்றி வைக்கலாமா என்றும் கேட்டார். பெரியம்மா ஒரு கையில் போனும் ஒரு கையில் சாவிக்கொத்துமாக நின்று கேட்டுக்கொண்டார். கண்டக்டர் முகம் கழுவி, நிம்மதியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"திறந்தாச்சுங்க. நல்லபடியா முடிஞ்சுது. நீங்க நிதானமா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அடுத்து நின்ற ஆளிடம், "உங்களுக்கு மாடியா கீழயா?" என்று கேட்டார்.